அமெரிக்கப் பப்ளிக் ஸ்கூலில் சஸ்பென்ஷன், டிஸ்மிஸ் நோட்டீஸ் வந்தால்: படிப்படியாக என்ன செய்வது

அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல் என்பது அரசின் அங்கம். ஆசிரியர், பஸ் டிரைவர், காவலாளி, உணவுக்கூட ஊழியர் என யாரை வேலையைவிட்டு அனுப்பினாலும் அனுப்புவது அரசுதான். உரிய சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவரின் உயிர், சுதந்திரம், உடைமை எதையும் மாநில அரசு பறிக்கக் கூடாது என்கிறது 1868-இல் வந்த 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். தனியார் பள்ளி நிர்வாகத்தை அது கட்டுப்படுத்தாது.

விசாரணை கேட்கும் இந்த உரிமையைப் பலர் வழக்கில் தோற்று இழப்பதில்லை. கெடுவைத் தவறவிட்டோ, அவசரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தோ இழக்கிறார்கள். அதனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது முக்கியம்.

முதல் படி: உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள்

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியது இது. சட்டத்தின் கண்ணில் உங்கள் வேலை ஓர் 'உடைமை' ஆக இருந்தால்தான் விசாரணை கேட்கும் உரிமை வலுவாக இருக்கும். 1972-இல் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் தந்தது. ராத் வழக்கில், ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த பேராசிரியரை மறுபடி நியமிக்காதபோது, அவருக்கு அந்த வேலைமேல் உடைமை உரிமை இல்லை என்றது. சிண்டர்மன் வழக்கில், எழுத்தில் டென்யூர் (நிரந்தரப் பணிப் பாதுகாப்பு) இல்லாவிட்டாலும், நிர்வாகத்தின் விதிகளும் நடைமுறையும் வேலை தொடரும் என்ற நம்பிக்கையைத் தந்திருந்தால் அதுவும் உடைமை ஆகலாம் என்றது.

எனவே நியமன ஒப்பந்தம், பள்ளி மாவட்டத்தின் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) விதிப் புத்தகம், யூனியன் ஒப்பந்தம் மூன்றையும் எடுத்து வையுங்கள். 'தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே நீக்கலாம்' என்ற பொருளில் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் பிடி கெட்டி. தகுதிகாண் காலத்தில் இருப்பவரை ஆண்டு முடிவில் புதுப்பிக்காமல் விடுவது எளிது. ஆனால் ஒப்பந்தக் காலத்தின் நடுவில் நீக்கினால் அவருக்கும் உரிமை உண்டு.

எந்தப் பாதுகாப்பும் இல்லாதவரைக்கூட சில காரணங்களுக்காக நீக்க முடியாது. பள்ளி வாரியம் பணத்தைச் செலவிடும் விதத்தைக் குறைகூறி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதிய ஆசிரியர் பிக்கரிங்கை நீக்கியது தவறு என்று 1968-இல் தீர்ப்பானது.

இரண்டாம் படி: 'கொஞ்சம் பேசணும், வாங்க' என்று கூப்பிட்டால்

உள்ளே போகும் முன் ஒரே கேள்வி: 'இதனால் என்மேல் ஒழுங்கு நடவடிக்கை வருமா?' வரலாம் என்றால் யூனியன் பிரதிநிதி வேண்டும் என்று கேளுங்கள். தனியார் ஊழியர்களுக்கு 1975-இல் வைன்கார்ட்டன் வழக்கில் உறுதியான இந்த உரிமையைப் பல மாநிலங்கள் அரசு ஊழியர்களுக்கும் தருகின்றன. ஆனால் அதை நீங்கள்தான் வாய்திறந்து கேட்க வேண்டும். நிர்வாகம் நினைவூட்டாது.

விவகாரம் போலீஸ்வரை போகக்கூடியது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பதில் சொல்லாவிட்டால் வேலை போகும் என்று மிரட்டிப் பெற்ற வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்றது 1967-இன் கேரிட்டி தீர்ப்பு. நீங்களாக மனம்விட்டுச் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. 'பதில் சொல்வது கட்டாயமா?' என்று கேட்டு, அந்த உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். குற்றவியல் வழக்கறிஞரிடம் பேசாமல் எதையும் எழுதித் தராதீர்கள்.

மூன்றாம் படி: சஸ்பென்ஷன் கடிதம் கைக்கு வந்தவுடன்

சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்று முதலில் பாருங்கள். சம்பளத்தோடு விலக்கி வைத்தால் பொதுவாக முன்விசாரணை தேவைப்படாது. கடுமையான குற்ற வழக்கு பதிவான நிலையில், முன்விசாரணை இல்லாமல் சம்பளத்தை நிறுத்தியதும் அரசியல் சட்டத்துக்கு முரணில்லை என்று 1997-இல் கில்பர்ட் எதிர் ஹோமர் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் மாநிலச் சட்டமோ யூனியன் ஒப்பந்தமோ இதைவிட அதிகப் பாதுகாப்பு தரலாம். அதையும் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் நல்ல வழக்கைக்கூடக் கெடுக்கும் தவறுகள் உண்டு. பள்ளி லேப்டாப்பில் எதையும் அழிக்காதீர்கள், இருந்தபடியே ஒப்படையுங்கள். புகார் கொடுத்த மாணவரையோ பெற்றோரையோ தொடர்புகொள்ளாதீர்கள். ஆதாரம் சேர்க்கிறோம் என்று மாணவர் பதிவேடுகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அது மாணவர் தனியுரிமைச் சட்டத்தை மீறியதாக ஆகலாம். முதல் குற்றச்சாட்டு நிற்காமல் போனாலும் இந்தப் புதிய குற்றச்சாட்டு நின்றுவிடும்.

நான்காம் படி: லவுடர்மில் விசாரணை

ஜேம்ஸ் லவுடர்மில் கிளீவ்லேண்ட் கல்வி வாரியத்தில் காவலாளி. பழைய தண்டனை ஒன்றை விண்ணப்பத்தில் மறைத்தார் என்று 1980-இல், பதில் சொல்ல வாய்ப்பே தராமல் நீக்கினார்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: உடைமை உரிமை உள்ள ஊழியரை நீக்கும் முன் மூன்று செய்தாக வேண்டும். என்ன குற்றச்சாட்டு என்று சொல்ல வேண்டும். என்ன ஆதாரம் என்று விளக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும்.

நீக்கும் முன் இப்படி உங்கள் தரப்பைக் கேட்பதுதான் லவுடர்மில் விசாரணை. இது முழு விசாரணை அல்ல. சில சமயம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் போகலாம். பெரிய தவறு நடந்துவிடாமல் இருக்க ஒரு முதல் சரிபார்ப்பு, அவ்வளவுதான். ஆகவே இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத எழுத்துப் பதிலோடு போங்கள். 'முறையற்ற நடத்தை' என்று மொட்டையாக இருந்தால் எந்த நாள், எந்த இடம், யார் சொன்னது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியும் அதற்கு வந்த பதிலும் பின்னால் நடக்கும் விசாரணையில் உதவும்.

ஐந்தாம் படி: கெடுவுக்குள் முழு விசாரணை கேளுங்கள்

எழுத்தில் கேட்டால்தான் முழு விசாரணை. கேட்காவிட்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். நியூயார்க்கில் டென்யூர் பெற்ற ஆசிரியருக்கு மாநிலக் கல்விச் சட்டத்தின் 3020-ஏ பிரிவின்படி, குற்றச்சாட்டு கையில் கிடைத்து 10 நாள். டெக்சாஸில், ஒப்பந்தக் காலத்தின் நடுவில் ஆசிரியரை நீக்குவதாக நோட்டீஸ் தந்தால் 15 நாள். கலிபோர்னியாவில் நிரந்தர ஆசிரியருக்கு 30 நாள். நியூயார்க்கில் சிவில் சர்வீஸ் சட்டத்தின் 75-ஆவது பிரிவுக்குள் வரும் ஆசிரியர் அல்லாத ஊழியருக்குப் பதில் எழுதக் குறைந்தது 8 நாள் தர வேண்டும். விசாரணை முடியும் முன் அவர்களைச் சம்பளமின்றி 30 நாளுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். பிரின்சிபாலிடம் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் அது கல்வி வாரியத்தின் கிளார்க்கிடமோ செயலரிடமோ சேர வேண்டும். டெக்சாஸில் மாநிலக் கல்வி ஆணையரிடம் தாக்கல் செய்து, பள்ளி மாவட்டத்துக்கு நகல் தர வேண்டும். கையெழுத்து வாங்கித் தரும் பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடிதம் நான்கு வரி போதும்: பெயர், பதவி, நோட்டீஸ் தேதி, குற்றச்சாட்டை மறுத்து இன்ன பிரிவின் கீழ் விசாரணை கோருகிறேன் என்ற வாக்கியம்.

யூனியன் ஒப்பந்தத்தின்படி குறைதீர்ப்பு மனு போடுவதற்குத் தனிக் கெடு உண்டு. சில ஒப்பந்தங்களில் ஒரு வழியைத் தேர்ந்தால் மற்றது மூடிவிடும். பிரதிநிதியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ராஜினாமா செய்யச் சொன்னால்

'நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் ரெக்கார்டில் எதுவும் வராது' என்பார்கள். அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்கு விசாரணை கிடையாது. விசாரணை நடக்கும்போது விலகினால் அதை உரிமம் தரும் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி இருப்பதால், ரெக்கார்டு சுத்தமாகவே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வேலை முடிந்தபின் புதிய வேலை தேடவோ விசா நிலையை மாற்றவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த தேதியைக் காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அந்த 60 நாள் பொதுவாக, எந்த நாள்வரைக்கும் சம்பளம் தரப்படுகிறதோ அந்தக் கடைசி நாளிலிருந்து எண்ணப்படும். சமரசமாக விலகுவதென்றால், அந்தக் கடைசி நாளை ஒப்பந்தத்தில் தேதியோடு எழுத வைத்து, குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.