நெல்லைச் சீமையில் குதிரை வளர்ப்பு: வயிற்றைக் காப்பதே முதல் வேலை

குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழியையும் நிறத்தையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அதுவரை அது என்ன தின்றது, எத்தனை வேளை தின்றது என்று கேட்பவர்கள் குறைவு. வண்டிப் பந்தயத்துக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ வளர்த்தாலும், நல்ல நிலையிலிருந்த குதிரை ஒரே இரவில் படுத்துவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயிற்று வலியைத்தான்.

காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய விலங்குக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். மாட்டைப் போல அசைபோடவோ, ஒவ்வாததை வாந்தியெடுக்கவோ அதனால் முடியாது. நார்த்தீவனம் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களால் மெல்லப் புளித்துச் செரிக்கிறது. ஆகவே நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிற்றில், இரண்டே வேளையாகத் தானியத்தைக் கொட்டுவது ஆபத்து. பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்து தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்து அவற்றுக்குக் கொடுத்ததாகவும், பராமரிப்பு அறியாததால் பெரும்பாலானவை மடிந்ததாகவும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இன்றும் பாசத்தினால் பொங்கலும் பழமும் ஊட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர் தீவனம் தேவை; அதில் பெரும்பகுதி அறுகம்புல் போன்ற புல்லாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். வைக்கோலை மட்டுமே நம்பினால் சத்தும் போதாது, தண்ணீர் குறைந்த நாளில் அது குடலில் இறுகி அடைத்துக்கொள்ளவும் கூடும். காணத்தை, அதாவது கொள்ளை, முதல் நாள் இரவே ஊறவைத்து, வேலைக்குத் தக்கபடி, ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேற்படாமல் பிரித்துக் கொடுக்கலாம். தவிட்டைக் கூட்டிக்கொண்டே போனால் அதிலுள்ள மிகையான பாஸ்பரஸ் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும். மானாவாரிக் காட்டில் எளிதாகக் கிடைக்கிறதே என்று பச்சைச் சோளத்தட்டையை மாட்டுக்குப் போடுவதுபோலக் குதிரைக்கும் தொடர்ந்து போடக் கூடாது. சிறுநீர்ப்பை அழன்று பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கும். எந்தத் தீவனத்தை மாற்றுவதானாலும் ஒரு வாரம் பத்து நாட்களில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

சாதாரண நாளில் 300 கிலோ எடையுள்ள அந்தக் குதிரை 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் வேலையும் சேர்ந்தால் தேவை இருமடங்காகும். வியர்வையோடு உப்பும் போவதால் உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டவே கூடாதென்பது பழைய நம்பிக்கை; சிறிது சிறிதாகக் குடிக்கவிட்டு, மெல்ல நடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி வழித்துவிடுவதே முறை.

திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலிலும் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஊர்களிலும் வளர்ப்பவர்கள் மணலைக் குறித்துத் தனியாகக் கவலைப்பட வேண்டும். தரையில் போட்ட புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்க் குடலின் அடியில் படிந்துவிடும். இதைச் சோதிக்க, தரையைத் தொடாத மேற்பகுதியிலிருந்து நாலைந்து லத்தி உருண்டைகளை எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விடுங்கள். சக்கையை மெல்ல வடித்தபின் அடியில் விரலுக்கு நெறுநெறுவென்று படுமளவு மணல் இருந்தால், தீவனத்தைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மணல் தென்படவில்லை என்பதற்காக உள்ளே இல்லையென்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குதிரை நலமாயிருக்கும் நாட்களிலேயே அதன் இயல்பைப் பழகி வைத்திருக்க வேண்டும். அதற்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் பார்வை படாது. ஆகையால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுகி, விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேளுங்கள். குடல் இரையும் ஓசை விட்டுவிட்டுக் கேட்பதே நல்ல அறிகுறி. தாடை எலும்பின் அடியில் ஓடும் நாடி, ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

திரும்பத் திரும்ப விலாவைப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரண்டு எழுவது, லத்தி நின்றுபோவது ஆகியவை வலியின் அடையாளங்கள். உடனே தீவனத்தை அகற்றிவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நாடி 60-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவர் வரும்வரை, புரண்டு அடிபடாதபடி மெல்ல நடத்தலாம். அமைதியாகப் படுத்திருந்தால் எழுப்ப வேண்டியதில்லை. நல்லெண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எண்ணெய் தேவைப்பட்டால் மருத்துவரே மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி ஊற்றுவார். கடைசியாக எப்போது லத்தி போட்டது, தீவனத்தில் என்ன மாறியது என்ற இரண்டையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.