கெப் வண்டிக் கூட்டில் காஸ் பிரிட்ஜைக் கழற்றி 12 வோல்ட் பிரிட்ஜ் பூட்டுவது எப்படி?

எங்கள் கெப் வண்டியின் பின்னால் ஏற்றியிருக்கும் பயணக் கூட்டில் முன்பு இருந்தது காஸில் ஓடும் பிரிட்ஜ். திருகோணமலைப் பக்கம் ஒரு சரிவில் இரண்டு இரவு நிறுத்தினோம். இரண்டாம் நாள் விடியும்போது பால் திரைந்து, மீன் நாறிவிட்டது. அந்த வகைப் பிரிட்ஜில் மோட்டர் கிடையாது. சூட்டில் கிளம்பும் அமோனியா குழாய் வழியே தானாக வழிந்து திரும்ப வேண்டும். வண்டி சரிந்து நின்றால் அது தேங்கிவிடும். கொழும்பு வெக்கையில் நேராக நின்றாலும் அதற்குச் சிரமம்தான். அதனால் 12 வோல்ட்டில் ஓடும் கொம்பிரசர் பிரிட்ஜுக்கு மாறினேன்.

முதலில் காஸ். சிலிண்டரை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைத்து, குழாயில் மிஞ்சியதை எரித்துத் தீருங்கள். பிரிட்ஜுக்குப் போகும் குழாயைக் கழற்றி, வாயைப் பித்தளை மூடியால் அடைக்க வேண்டும். டேப் சுற்றி விடவே கூடாது. பிறகு சிலிண்டரைத் திறந்து, சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். காஸ் வேலை பழக்கமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டும் வேலை தெரிந்த பாஸிடம் (தொழிலாளியிடம்) விடுங்கள். பழைய பிரிட்ஜின் பின்குழாயை வெட்ட வேண்டாம், உள்ளே அமோனியா இருக்கிறது.

புதியது வாங்குமுன் பிரிட்ஜ் வைக்கும் பொந்தை மட்டுமல்ல, கூட்டின் கதவையும் அளந்துகொள்ளுங்கள். பின்னால் 5 சென்டிமீற்றராவது காற்றுக்கு விடுங்கள்.

இனி வயர். நான் இடறியது இங்கேதான். பழைய பிரிட்ஜுக்கு வந்திருந்த 12 வோல்ட் வயரிலேயே புதியதைக் கொழுவினேன். பகலில் நன்றாக ஓடியது, இரவில் சிவப்பு விளக்கு மின்னி நின்றது. பற்றரி பழுது என்று இரண்டு நாள் அதையே சந்தேகப்பட்டேன். கடைசியில் மல்ட்டிமீற்றரைப் பிரிட்ஜின் பின்முனையில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.4. கொம்பிரசர் 'டிக்' என்று கிளம்பியதும் 11.2, உடனே நின்றுவிட்டது. அதே நேரம் பற்றரியில் 12.3 இருந்தது. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரே தின்றுவிட்டது! அந்த வயர் காஸ் பிரிட்ஜின் போர்டுக்கும் தீப்பொறிக்கும் மட்டும் போட்டது, 1 சதுர மில்லிமீற்றர்தான்.

பஞ்சிகாவத்தையில் 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் வாங்கி, பிளஸ், மைனஸ் இரண்டையும் பற்றரியிலிருந்தே இழுத்தேன். மைனஸை வண்டியின் பொடியில் (உடல் தகட்டில்) கொடுக்காதீர்கள், துருப்பிடித்த இடத்தில் மறுபடி வோல்ட் குறையும். பிளஸ் வயரில், பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ். வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சாதாரணக் குறட்டால் நசுக்காமல் லக் அடிக்கும் குறடு ஒன்று வாங்குங்கள், அந்தக் காசு வீண்போகாது. சிகரெட் லைட்டர் சொக்கெட்டை நான் நம்புவதில்லை. வண்டி குலுங்கக் குலுங்க அது தளரும், சூடேறும்.

மாற்றியபின் கொம்பிரசர் ஓடும்போதும் 12.2 காட்டுகிறது.

பிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே கரண்ட் கொடுங்கள். நாலு பக்கமும் சட்டம் அடித்து, திருகாணியால் இறுக்குங்கள்.

பிற்சேர்க்கை: காஸ் பிரிட்ஜின் பழைய காற்றுத் துவாரங்களை அடைத்துவிடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அடைக்க வேண்டாம், கொம்பிரசரின் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. பூச்சிக்கு வலை, மழைக்குச் சாய்ந்த மூடி போதும்.

இன்னொருவருக்கு 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒரு நாள்தான் தாங்குகிறதாம். அது சரியான கணக்குத்தான். ஓடும்போது சுமார் 4 அம்பியர், இந்த வெக்கையில் பாதி நேரம் ஓடினாலே நாளுக்கு 48 அம்பியர்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். இரண்டாவது நாளும் ஒரே இடத்தில் நிற்பதென்றால் கூரையில் சோலார் தகடு வேண்டும்.