ஒரே சிலை முன் பல நம்பிக்கைகள்: எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுது

மத நல்லிணக்கக் கூட்டம் என்றாலே மேடையும் மைக்கும் பொன்னாடையும் வந்துவிடுகின்றன. பேச்சு முடிந்ததும் அவரவர் வந்த மாதிரியே வீட்டுக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு கலைப்பொருளை வைத்துக்கொண்டு பேசினால் நிலைமை மாறும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாதாடாமல், எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறார்கள் அல்லவா!

இதற்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் நல்ல இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை; அன்று ஜும்ஆ தொழுகையும் இருக்கிறது. ஞாயிறு காலை தேவாலய நேரம். ஆகவே சனிக்கிழமை பத்து மணி சரிப்படும். ஐந்து பேருக்குக் குறையாமலும் எட்டுப் பேருக்கு மிகாமலும் அழையுங்கள். ஒரு மதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று மட்டும் கூப்பிடாதீர்கள். வருகிறவர் மதத்தின் வக்கீலாகவே பேசத் தொடங்கிவிடுவார். ஒரே மதத்தில் இருவர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து மாறுவது தெரியும். எல்லா முஸ்லிமும் தர்காவுக்குப் போவதில்லை; பெந்தெகொஸ்தே சபையினர் சொரூபம் வைப்பதில்லை. கடவுள் மறுப்பாளர் ஒருவராவது அவசியம் வேண்டும்.

மூன்று பொருள்கள் போதும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி. எந்த அரங்கு திறந்திருக்கிறது என்று முன்தினமே விசாரித்துவிடுங்கள்.

முதலில் அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. சிலவற்றில் புத்தர் உருவமே இருக்காது. வெற்று ஆசனம், அரசமரம், சக்கரம், பாதச்சுவடு, சுற்றிலும் கும்பிடும் கூட்டம். இதிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு: குழுவில் பௌத்தர் இல்லையென்றால் தன் கடவுளைக் காக்க வேண்டிய பதற்றம் யாருக்கும் இராது. உருவ வழிபாட்டை ஏற்காதவருக்கும் அந்தக் காலி இருக்கை பேச இடம் கொடுக்கும்.

அடுத்து நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகள். தலைக்கு மேல் எரியும் சுடரைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலாம் இராஜராஜன் காலத்தில் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் அங்கே எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சைவனான சோழன் தானமாகக் கொடுத்தான். நாகூரும் வேளாங்கண்ணியும் அதன் பக்கத்து ஊர்கள் என்பதால், சந்தனக்கூடும் தேர்பவனியும் தானாகவே பேச்சில் வந்துவிடும்.

கடைசியாகத் திருவாலங்காட்டு நடராஜர். இங்கே அவசரம் கூடாது. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம், விளக்கப் பலகையையும் படிக்க வேண்டாம். பிறகு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லட்டும்: பின்வலக் கையில் உடுக்கை, தூக்கிய பாதத்தைச் சுட்டும் முன் இடக்கை, காலடியில் முயலகன் என்ற குள்ள அசுரன், சுற்றித் திருவாசி எனும் சுடர் வளையம் இல்லாத வெட்டவெளி. கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கும் இடுப்பின் வளைவு இங்கே அப்படியே தெரிகிறது. அது சிலருக்கு வியப்பு, பக்தருக்குச் சங்கடம். இரண்டையும் சொல்ல விடுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இதே சிலையைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். பார்க்க நம்பிக்கை முன்நிபந்தனை இல்லை என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

பேச்சுக்கு விதி இரண்டு. ஒருவருக்கு இரண்டு நிமிடம். வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்க வேண்டும். ‘உங்க மதத்துல ஏன் இப்படி?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் விறைத்துவிடுவார். ‘உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள், அதே ஆள் பேசிக்கொண்டே இருப்பார்.

கெடுப்பவை சில. தலபுராணம் முழுக்கத் தெரிந்தவர் வகுப்பெடுக்க ஆரம்பிப்பார். ‘இதைச் சிலையில் எங்கே பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டால் அடங்கிவிடும். அதைவிட ஆபத்து, ‘எல்லாச் சாமியும் ஒண்ணுதாங்க’ என்ற வாக்கியம். கேட்க இனிமைதான், ஆனால் அதற்கு மேல் பேச ஒன்றும் மிஞ்சாது. அது வந்தால், ‘எது வேறு?’ என்று கேளுங்கள்.

யாராவது கைகூப்பினால் விடுங்கள். மற்றவர்களும் கூப்ப வேண்டும் என்று பார்க்காதீர்கள். இந்தத் திருமேனி கோயிலில் இருந்தபோது யார் யார் பக்கத்தில் போக முடிந்தது என்ற கேள்வியும் வரும், வர வேண்டும். சாதியின் பேரில் தடுக்கப்பட்டவர்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததே 1939 ஜூலையில்தான். இதை மழுப்பினால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அடுத்த முறை வரமாட்டார்.

அடுத்த முறைக்குத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் பொருத்தம். 1795இல் கட்டியது; அங்குள்ள பாரசீகக் கல்வெட்டுச் செய்யுளை எழுதியவர் மக்கன்லால் என்ற இந்து. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பெண்கள் உள்ளே எதுவரை போகலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாசலில் போய்த் தெரிந்துகொண்டால் அன்றைய பேச்சு அங்கேயே கெட்டுவிடும்.