யாரும் கவனிக்காதபோதும் வளரும் ஆபத்து: கேம் மாஸ்டருக்கு ஒரு கடிகாரம்

ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டில், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். எங்கள் கேம்பெயினில், அதாவது பல நாட்கள் தொடரும் கதையில், கூலிப்படைத் தலைவி ஒருத்தி மலைக் கணவாயைப் பிடிக்கத் திட்டம் போட்டிருந்தாள். ஆட்டக்காரர்கள் வேறு திசையில் போய்விட்டார்கள். நான்கு செஷன் (ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன்) கழித்துத் திரும்பினால் அதே கூடாரம், அதே காவலர்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ என்ற இதே வகை விளையாட்டின் கடிகார முறையில்தான் விடை கிடைத்தது: ஒரு வட்டத்தை 4, 6 அல்லது 8 துண்டாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக நிரப்புவது.

முதலில், யாரும் தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். என்னுடையது: ‘பனிக்காலத்துக்குள் கணவாய் அவள் கைக்குப் போகும், ஊருக்கு உப்பு வராது.’ பிறகு வட்டம் போடுங்கள். புதியவர்களுக்கு 6 துண்டு சரியாக இருக்கும்.

நான் இடறியது அடுத்த படியில். செஷனுக்கு ஒரு துண்டு என்று ஒழுங்காக நிரப்பினேன், ஆனால் என் நோட்டுக்குள்ளேயே. கணவாய் விழுந்த அன்று ஒரு தோழி கேட்டாள்: “இது வருகிறதென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணில் அல்லது காதில் படும் ஓர் அடையாளத்தை முன்கூட்டியே எழுதுங்கள். மறுபடி ஆடியபோது நான் எழுதியவை:

1. சத்திரத்தில் குதிரைத் தீவனம் இரட்டை விலை.
2. கொல்லரைக் காணோம். உலை இன்னும் சூடாக இருக்கிறது.
3. கணவாய்க் கோபுரத்தில் விளக்கு எரியவில்லை.
4. உப்பு வண்டிகள் பாதி வழியில் திரும்புகின்றன.
5. ஊர்த்தலைவர் வீட்டில் அவளுடைய தூதர் விருந்து சாப்பிடுகிறார்.
6. கணவாய் விழுகிறது.

சூடான உலையைத் தொட்டுப் பார்த்ததுமே அந்த இரவு முழுக்க எல்லோரும் கொல்லரைத் தேடினார்கள்.

செஷன் முடிந்ததும் ஒரு துண்டு நிரப்புங்கள். ஆட்டக்காரர்களின் செயலே அவளுக்கு உதவியாகிவிட்டால் இரண்டு. இதற்குப் பகடை உருட்ட வேண்டாம் என்பது என் கருத்து, நடந்ததை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். செயலிகளும் தேவையில்லை. ஓர் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டால் ஆட்டத்தின் நடுவே ஒரே பார்வையில் தெரியும்.

பின்சேர்க்கை: ஆட்டக்காரர்கள் தடுத்துவிட்டால் துண்டை அழிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அழிப்பதில்லை. இன்னும் நடக்காத வரிகளைத்தான் மாற்றுவேன். எங்கள் குழு கொல்லரை மீட்டு ஒளித்து வைத்தது. உடனே ஐந்தாவது வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: தூதர் ஊர்த்தலைவரிடம் போகவில்லை, நேராக இவர்கள் தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டினார்.