வாட்ஸ்அப்பில் கரைந்துபோகும் பழைய கார் விஷயங்களை ஒரே இடத்தில் சேர்ப்பது எப்படி

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாட்ஸ்அப் குழு வந்துவிடும். "அம்பாசடர் ஏற்காடு ஏறும்போது பாதியில் நின்றுபோகுது, என்ன பண்ணலாம்?" என்று ஒருவர் கேட்பார், இரண்டு பேர் அருமையாகப் பதில் போடுவார்கள், அனுபவசாலி ஒருவர் வாய்ஸ் மெசேஜில் பொறுமையாக விளக்குவார், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அத்தனையும் புதைந்துவிடும். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அதே கேள்வியோடு வருவார். அந்த அனுபவசாலிக்கு இரண்டாம் முறை விளக்கப் பொறுமை இருக்காது.

இதற்கு எல்லோரும் படித்து, எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு விக்கி தேவை. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் பத்துப் பதினைந்து பேர் ஒத்துழைத்தால் போதும், பெரிய செலவு கிடையாது. ஆனால் பலரும் முதல் வேலையாகப் பழைய மேனுவல்களை ஸ்கேன் செய்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள், அங்கேயே களைத்துப் போகிறார்கள். மேனுவல் எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதது எது என்றால், ஒரிஜினல் ஸ்பேர் வராமல் போன பிறகு நம் ஊர் மெக்கானிக்குகள் எதை எதோடு பொருத்தி வண்டியை ஓட வைத்தார்கள் என்ற விவரம். லாரித் தொழில் சூழ்ந்த ஊர் நம்முடையது. சங்ககிரி லாரிகளும் நாமக்கல் பாடி பில்டிங்கும் திருச்செங்கோடு ரிக் (போர்வெல் போடும்) வண்டிகளும் இருப்பதால் லேத், போரிங், லீஃப் ஸ்பிரிங் வேலைக்கு இங்கே கைதேர்ந்த ஆட்கள் உண்டு. அவர்கள் யாரும் டைப் செய்யப் போவதில்லை. அதை எழுத்தில் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

எந்த வண்டி என்று முதலில் பிரியுங்கள்

"அம்பாசடர்" என்று ஒரே பக்கம் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து 1950-களின் கடைசியில் உத்தர்பாராவில் ஆரம்பித்த வண்டி 2014 வரை வந்தது. வெளியே பார்த்தால் ஒரே முகம், உள்ளே வேறு வேறு எஞ்சின். 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் ஒன்று, டீசல் இன்னொன்று, 1992-ல் வந்த 1800 ஐஎஸ்இசட்டில் இசுசு எஞ்சின். பிஎம்சி எஞ்சினுக்குப் பெரும்பாலும் இஞ்ச் அளவு ஸ்பேனர், இசுசுவுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். ஆகவே மாடல் பெயரை விட எஞ்சினை வைத்துப் பக்கங்களைப் பிரிப்பது நல்லது.

பியட் கதை வேறு. 1964-ல் பியட் 1100 டிலைட் என்று வந்து, 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, அப்புறம் பிரீமியர் பத்மினி ஆனது. ஆர்.சி. புக்கில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊரில் அது பியட்தான். 1089 சிசி எஞ்சின் பக்கம் ஒன்றை வைத்து, மூன்று பெயரில் எதைத் தேடினாலும் அங்கே போய் நிற்கும்படி செய்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் அதிக உழைப்பைப் போட வேண்டியது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பக்கத்துக்கு. சென்னையில் தயாரான வண்டி, கம்பெனியே 1980-களின் இறுதியில் நின்றுபோனது, எனவே ஸ்பேருக்கு அலைச்சல் அதிகம். அதன் மூல வடிவமான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் ஸ்பேர் புதிதாகச் செய்கிறார்கள். எஞ்சின் சாமான்கள் பல நம் வண்டிக்கும் பொருந்தும், ஆனால் அங்கே ஹெரால்டு இரண்டு கதவோடுதான் வந்தது. நம் ஊர் நாலு கதவு வண்டிக்கு அங்கிருந்து கதவு வரவழைத்தால் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளலாம். அதே மாதிரி ஹெரால்டின் பின் அச்சு வேறு, அதற்கு அடுத்து அதே கம்பெனி கொண்டுவந்த கெசலின் பின் அச்சு வேறு. எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒரு அட்டவணை மட்டும் ஒழுங்காக இருந்தால் அதற்காகவே வெளியூர்க்காரர்களும் வருவார்கள்.

ஜீப்பை விட்டுவிடாதீர்கள். சேர்வராயன் மலை காபி எஸ்டேட்டுகளில் உழைத்த மகிந்திரா ஜீப்புகளைப் பற்றித் தெரிந்தவர்கள் மலையில்தான் இருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

வரலாற்றில் ஆரம்பிக்க வேண்டாம். கோளாறில் ஆரம்பியுங்கள். வண்டி வழியில் நின்று, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்தான் உங்கள் வாசகர். அந்த ஏற்காடு கேள்வியையே எடுத்து ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம்.

தலைப்பு: ஏற்றத்தில் நின்றுபோகும் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். அறிகுறி: இழுவை குறைந்து நிற்கிறது, நன்றாக ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. சந்தேகிக்க வேண்டியது இரண்டு. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பைப்பிலோ பம்பிலோ ஆவியாகி அடைத்துக்கொள்ளும் வேப்பர் லாக் ஒன்று. பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் காயிலோ கண்டன்சரோ சூடேறியதும் படுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான், அதனால்தான் பலர் பெட்ரோல் பம்பை மாற்றிவிட்டு அடுத்த வாரமும் அதே வளைவில் நிற்கிறார்கள். பிரித்துப் பார்க்கும் வழி: வண்டி நின்ற உடனே, ஆறுவதற்கு முன்பே, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி கையில் இருக்கும் உபரி பிளக்கில் மாட்டி, பிளக்கை எஞ்சின் பிளாக்கில் படும்படி வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள் (பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது). பொறி பலமாக இருந்தால் சந்தேகம் பெட்ரோல் பக்கம். ஈரத் துணியைப் பம்பின் மேலும் பைப்பின் மேலும் சுற்றி ஆறவைத்ததும் கிளம்பினால் வேப்பர் லாக்தான். பொறி மங்கலாக இருந்தாலோ வராமலே போனாலோ காயில், கண்டன்சர் பக்கம் பாருங்கள். நிரந்தரத் தீர்வு: பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது, நடுவில் ஒரு தகடு வைத்துச் சூட்டை மறைப்பது.

இதோடு அந்த ரோட்டுக்கான குறிப்பும் வேண்டும். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிப்பு தள்ளிப்போகும், அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இறங்கும்போது கியரில் பிடித்து இறங்க வேண்டும், பழைய டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும் என்பதையும் சேருங்கள்.

இப்போது முக்கியமான வரி. ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு முத்திரை இருக்கட்டும்: "கையால் செய்தது", "கண்ணால் பார்த்தது", "கேள்விப்பட்டது". எந்த வருட வண்டி, எந்த மாதம் பார்த்தது என்பதும் கூடவே வரட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகிறது என்று யாராவது எழுதினால் அழிக்க வேண்டாம், "கேள்விப்பட்டது" என்று போட்டு வையுங்கள். ஒருவர் ஹோஸை மாற்றி, தேதி போட்டு, பழைய ரப்பர் ஊறிப்போன படத்தோடு எழுதும்போது முத்திரை மாறும். இந்தப் பழக்கம் வராத இடத்தில் எல்லாத் தகவலும் ஒரே எடையில் நிற்கும், கடைசியில் எதையும் நம்ப முடியாது.

இரண்டு மெக்கானிக் இரண்டு விதமாகச் சொன்னால்? ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு வண்டியைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பேட்டரி எர்த் விஷயத்தைப் பாருங்கள்: டைனமோ காலத்து பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பெரும்பாலும் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும், பின்னாளில் ஆல்டர்னேட்டர் வந்தவற்றில் நெகட்டிவ் எர்த். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் தன் வண்டியில் ரேடியோவை மாட்டினால் புகைதான் வரும். இரண்டையும் எழுதி, எதற்கு எது என்று பிரித்துவிட்டால் சண்டை முடிந்தது.

மெக்கானிக்கிடம் கேட்கும் முறை

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டால் ஒன்றும் வராது. "அதெல்லாம் என்னப்பா, எவ்வளவோ வண்டி பார்த்தாச்சு" என்பதோடு முடிந்துவிடும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, கையில் இருக்கும் சாமானைக் காட்டிக் கேளுங்கள். "இந்த டேப்பட்டுக்கு எத்தனை வைக்கிறீங்கண்ணே?" என்றால் "பதினஞ்சு" என்று பட்டென்று வரும். அது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய 0.015 இஞ்ச் இடைவெளி, பிஎம்சி எஞ்சினுக்குப் புத்தகம் சொல்வதும் அதுதான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாத நேரத்தில் எப்படி வைப்பார், தேய்ந்த ராக்கரில் கேஜ் ஏன் பொய் சொல்லும் என்று அடுத்த கேள்வி போடுங்கள், புத்தகத்தில் இல்லாதது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஃபோனில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெயரும் நம்பரும் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். சிலருக்குப் பெயர் வருவதில் பெருமை, சிலருக்குக் கண்டவர்கள் கூப்பிடுவது தொல்லை. வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டு, ஃபோன் கீபோர்டில் இருக்கும் தமிழ்க் குரல் உள்ளீட்டை வைத்து அன்றைக்கே எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் "இந்த நட்டு" என்று அவர் சொன்னது எந்த நட்டு என்று உங்களுக்கே தெரியாது.

படம் எடுக்கும்போது சாமானுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், வார்ப்பில் நம்பர் இருந்தால் அது தெரியட்டும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் வேண்டும். கேமரா தானாகக் கொடுக்கும் நம்பரோடு கோப்பை ஏற்றாமல் வண்டி, வருடம், சாமான் பெயர் போட்டு ஏற்றுங்கள்.

மென்பொருளும் பூட்டும்

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கியில், அது இலவசம். சாதாரண ஹோஸ்டிங்கில் பிஎச்பியும் மரியாடிபியும் இருந்தால் போடலாம். டேட்டாபேஸ் வேண்டாம் என்றால் டோகுவிக்கி, பக்கங்களை வெறும் எழுத்துக் கோப்புகளாகவே வைத்திருக்கும். நான் மீடியாவிக்கி பக்கம்தான், காரணம் அதில் வழிமாற்று சுலபம். கார்புரேட்டர், கார்பரேட்டர், கார்ப்ரேட்டர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தேடுவார்கள், எல்லாம் ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும்.

கணக்கு திறப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டால் சில நாளிலேயே சூதாட்ட விளம்பரம் நிரம்பிவிடும். மீடியாவிக்கியில் கணக்கு திறப்பவரிடம் நாமே ஒரு கேள்வி வைக்கும் வசதி உண்டு. "ஏற்காடு மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு?" என்று தமிழில் கேளுங்கள், நம் ஆட்களுக்கு அது சிரமமே இல்லை.

டொமைன் பெயரும் ஹோஸ்டிங் கணக்கும் ஒரே ஆளின் மெயிலில் மாட்டிக்கொள்ளக் கூடாது, குறைந்தது மூன்று பேரிடம் சாவி இருக்கட்டும். மாதம் ஒரு முறை டேட்டாபேஸையும் படக் கோப்புறையையும் சேர்த்து நகல் எடுங்கள், அந்த நகலை வேறொரு இடத்தில் நிறுவி உண்மையிலேயே திறக்கிறதா என்றும் பாருங்கள்.

மேனுவலில் இருக்கும் அளவுகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதன் வாக்கியங்களுக்கும் படங்களுக்கும் உரிமை உண்டு. அளவை எடுத்துக்கொண்டு விளக்கத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். உறுப்பினர்கள் எழுதுவதற்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தை (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் பயன்படுத்தலாம்) ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள், பின்னால் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு ஓட முடியாது. ஆர்.சி. புக் படம், முழு சேசிஸ் நம்பர் இரண்டையும் ஏற்றவே விடாதீர்கள். விற்பனை விளம்பரமும் வேண்டாம், அது நுழைந்தால் எல்லா வண்டியும் "சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன்" ஆகிவிடும்.

ஆர்.டி.ஓ. பக்கம் தனியாக ஒன்று தேவை, மேலேயே "கடைசியாகச் சரிபார்த்த தேதி" இருக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதியின்படி 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி விண்டேஜ் வகையில் பதிவாகும், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. சாதாரண ஆர்.சி.யிலேயே வைத்திருப்பவர்களுக்கோ 15 வருடம் தாண்டிய காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. இப்படி மாறக்கூடிய எண்ணைத் தேதி இல்லாமல் போட்டால் அதை நம்பிப் போகிறவர் கவுன்டரில் நின்று முழிப்பார்.

கடைசியாக ஒரு வேலை, பலர் இதை யோசிப்பதில்லை. அதிகம் தேடப்படும் பக்கங்களை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் பிரின்ட் போட்டு, லேமினேட் செய்யாமல் சாதாரணத் தாளாகவே, உங்களுக்கு உதவிய பட்டறைகளில் கொடுங்கள். கிரீஸ் கையோடு யாரும் ஃபோனைத் தடவ மாட்டார்கள், தாளில் பேனாவால் அடித்துத் திருத்துவார்கள். அடுத்த முறை வண்டி விடப் போகும்போது அந்தத் தாளை வாங்கி வந்து திருத்தத்தைப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, புதுத் தேதி போட்ட தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.