வகைபிரிக்கப் பழகும் குழந்தையிடம் நாம் செய்யும் தவறுகள்

தரையில் கொட்டிக் கிடக்கும் விளையாட்டுச் சாமான்களைப் பிரித்து வைக்கச் சொல்கிறோம். நம் மனதில் இருப்பது நிறம். குழந்தையோ சிவப்புப் பந்தையும் நீலச் சக்கரத்தையும் ஒரே கூடையில் போடுகிறது. "இது இங்கே வராது" என்று சக்கரத்தை எடுத்து நாமே இடம் மாற்றிவிடுகிறோம். இரண்டும் உருளும் என்பது அதன் கணக்கு. அதைக் கேட்காமலே கலைத்துவிட்டோம்.

மற்றத் தவறுகளையெல்லாம் விட இதுதான் பெரிது என்பேன். கூடையைச் சரிபார்க்கிறோம், காரணத்தைக் கேட்பதில்லை. "ஏன் இப்படி வைத்தாய்?" என்றால் பல பிள்ளைகளுக்கு அது அதட்டலாகவே படும். "இதெல்லாம் எப்படி ஒரே கூட்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இது அம்மா, இது பாப்பா" என்று பதில் வந்தாலும் திருத்த அவசரப்பட வேண்டாம். வடிவத் துண்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் மிகச் சிறிய குழந்தைகள் அவற்றை அடுக்கி ரயிலோ வீடோ ஆக்கிவிடுவதை குழந்தை உளவியலாளர்களான ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வகைபிரித்தல் அங்கிருந்துதான் வளர்கிறது.

அடுத்தது, விதியைச் சட்டென்று மாற்றுவது. இப்போதுதான் நிறப்படி பிரித்து முடித்திருக்கும். உடனே "சரி, இனி வடிவப்படி" என்போம். 3 வயதுக் குழந்தை தலையாட்டும், புது விதியை வாயால் சொல்லக்கூடச் செய்யும், கை மட்டும் நிறப்படியே வைத்துக்கொண்டு போகும். ஃபிலிப் செலாசோ போன்ற உளவியலாளர்கள் படச்சீட்டுகளைக் கொண்டு இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 4, 5 வயதில் இது கைகூடுகிறது. பிடிவாதம் என்று கோபப்படாமல், எல்லாவற்றையும் கலைத்து, சற்று இடைவெளி விட்டு, வேறு பொருள்களோடு புது விதியைத் தொடங்குங்கள்.

கடையில் வாங்கும் செட்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய வளையம் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், சின்னது நீலம் என்று அளவுக்கு ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். குழந்தை மளமளவென்று அடுக்கினால் அளவைப் புரிந்துகொண்டது என்று மகிழ்கிறோம். நிறங்களின் வரிசையை மனப்பாடம் செய்திருந்தாலும் அதேபோல் அடுக்கலாமே. கல்வியாளர் மரியா மாண்டிசோரி வடிவமைத்த இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற அடுக்கும் சாதனத்தில் 10 கனசதுரங்கள். பக்கம் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை, எல்லாம் ஒரே நிறம். அளவைத் தவிர வேறு துப்பு கிடையாது. இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வெவ்வேறு நீளத்தில் வெட்டிய ஒரே நிறக் காகிதப் பட்டைகளே போதும்.

ஒப்பிடும்போது "எது பெருசு?" என்ற ஒரே கேள்வியை வைத்து ஓட்டுவதும் குழப்பம்தான். ஒல்லியான நீளக் குச்சி, தடித்த குட்டைக் கட்டை, இரண்டில் எது பெரிது? நீளமா, உயரமா, தடிமனா, கனமா என்று பிரித்துக் கேளுங்கள். நீளத்தைப் பார்க்கும்போது இரண்டின் ஒரு முனையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். நாமே ஒன்றை முன்னே தள்ளி வைத்துவிட்டுக் கேட்பது நிறைய நடக்கிறது. கனத்துக்குக் கை வேண்டும். பெரிய ஸ்பாஞ்சை ஒரு கையிலும் சின்னக் கல்லை மறு கையிலும் கொடுங்கள். பிறகு கை மாற்றியும் பார்க்கட்டும். படத்தாளில் பெரியதைச் சுற்றி வட்டம் போடுவது போன்ற பயிற்சிகள் இதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

எப்போதும் இரண்டையே ஒப்பிட்டால் "பெரியது" என்பது அந்தப் பொருளின் பெயர்போல ஆகிவிடும். மூன்றாவதாக இன்னும் பெரிய ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். இதுவரை பெரியதாக இருந்தது இப்போது என்ன என்று குழந்தை யோசிக்கும்.

பதில் சரியாக இருந்தும் "நல்லா பார்த்துச் சொல்லு" என்று மறுபடி கேட்பவர்கள் உண்டு. முதல் பதில் தவறு போலிருக்கிறது என்று குழந்தை அதை மாற்றிவிடும். ஒரு பொருளின் தோற்றத்தை மாற்றியபின் அளவு அப்படியே இருக்கிறதா என்று சோதிக்கும்போது, முன்பும் பின்பும் கேட்காமல் ஒரே முறை கேட்டால் பிழைகள் குறைவதை சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் 1974இல் காட்டினார்கள்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். பொத்தான், மணி, கூழாங்கல் எல்லாம் பிரிப்பதற்கு அருமையானவை, 3 வயதுக்குக் கீழே ஆபத்தானவை. பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் அந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள்.

கச்சிதமாகப் பிரியும் பொருள்களை மட்டுமே எடுத்து வைப்பதுதான் பலரும் கவனிக்காத தவறு. சிவப்புக் கோடு போட்ட நீலப் பந்தை நடுவில் போட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை இரண்டு கூடைக்கும் நடுவில் வைக்கும், இன்னொன்று மூன்றாவது கூடை கேட்கும், வேறொன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கோடு உள்ளவை, கோடு இல்லாதவை என்று புதிதாகத் தொடங்கும். அந்த நேரத்தில் எந்தக் கூடை என்று கைகாட்டாமல் இருங்கள்.