ஹெட்போன் வாங்கும் முன் வில்லுப்பாட்டு போட்டுக் கேளுங்கள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆயிரம் ரூபாய்க்குள் ஹெட்போன் எடுக்கப் போகிறீர்களா? பெட்டியில் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மனிதக் காதுக்கு எட்டும் எல்லையே அதுதான். அநேகமாக எல்லாப் பெட்டியிலும் அதே எண் இருக்கும்.

நான் ஒரு வில்லுப்பாட்டுப் பதிவை எப்போதும் போனில் வைத்திருப்பேன். கோயில் கொடை விழாவில் நேரில் கேட்டுப் பழகிய சத்தம், அதில் காதை ஏமாற்ற முடியாது. குடத்தில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நிற்க வேண்டும். மட்டமான ஹெட்போனில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, 'பொம்ம்' என்று பாடுபவர் குரலையே மூடிவிடும். அப்புறம் ஜால்ரா. பளிச்சென்று எழுந்து மெல்ல அடங்க வேண்டும். ஊசி மாதிரி குத்தினால் கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். இந்த விலையில் எல்லாம் ஒருசேர அமைவது கஷ்டம். குரல் தெளிவாக இருப்பதையே நான் எடுப்பேன்.

இரண்டை ஒப்பிடும்போது போனில் ஒலியைக் கூட்டிக் குறைத்து மாற்றும் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, சத்தத்தைச் சமமாக வையுங்கள். இல்லாவிட்டால் கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லது என்று தோன்றிவிடும்.

சரி, சௌகரியம். கடைக்காரரிடம் கேட்டுக் கால் மணி நேரமாவது மாட்டியிருங்கள், கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு. காது மடல் உள்ளே இடித்தால் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்கு ரெக்ஸின் மெத்தை வேர்க்கும், நாளடைவில் உரியும். துணி மெத்தையில் காற்று போகும், ஆனால் பஸ் இரைச்சலும் உள்ளே வரும். தினமும் தென்காசி பஸ்ஸில் போகிறவர் ரெக்ஸினே எடுக்கலாம். மாற்று மெத்தை கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.